கைலிக்குள் குத்திய தொப்புள்கள்

தொப்புளில் குத்திக் கம்பி மாட்டுவது ஐந்து நிமிட வேலை. அந்த வேலையைத்தான் செய்கிறேன் என்று நாலு பேர் அறியச் சொல்ல எனக்கு ஆறு வருடம் ஆகியிருக்கிறது. புருவம் திருத்துகிறவர்களே, கால் நகம் வெட்டிவிடுகிறவர்களே, அடுத்தவர் உடம்பைத் தொட்டுச் சம்பாதித்துவிட்டு வீட்டில் வேலையைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறவர்களே, உங்களுக்கு இது புரியும்.

சிரம்பானில் ஒரு மாடிக்கடை. உரிமையாளர் லெச்சுமி அக்கா. முன்பக்கம் அவர் முடி வெட்டுவார், மணப்பெண் அலங்காரம் செய்வார். பின்பக்கம் திரை போட்ட அறை என்னுடையது. அதற்கு முன் சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் ஏழு வருடம் நின்றபடியே வேலை பார்த்துக் கால் வீங்கி, பிறகு கோலாலம்பூர் போய் இந்த வேலையை முறையாகப் படித்து வந்தேன்.

இதில் சில சம்பவங்கள் உங்களுக்குச் சிரிப்பு வரவழைக்கலாம். ஆனால் புனிதா என்கிற பெண்ணிடம் சொல்லியே ஆக வேண்டிய ஒரு வார்த்தையை நான்கு மாதம் சொல்லாமல் வைத்திருந்தேன். அந்தக் கதையை உங்களிடம் சொல்ல எனக்குத் துணிவு வரட்டும் என்றுதான் மற்றதையெல்லாம் முதலில் சொல்கிறேன்.

பலகை

வாசல் பலகையில் "காது, மூக்கு, தொப்புள்" என்று எழுதச் சொன்னார் லெச்சுமி அக்கா. எழுதுகிறவர் வந்து நின்றபோது மூன்றாவது சொல்லைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. "மற்றவை" என்று எழுதிவிடுங்கள் என்றேன். வீட்டில் அம்மாவைப் பொறுத்தவரை நான் ஃபேசியல் செய்கிறவள். பாரோயில் எங்கள் தாமான் குடியிருப்புப் பெண்களுக்கும் அப்படித்தான். கோயிலில் யாராவது தன் முகத்தைக் காட்டி யோசனை கேட்டால், எனக்கே தெரியாத முகப்பூச்சுகளைப் பற்றியெல்லாம் கூசாமல் அளந்துவிட்டு வருவேன்.

முதல் மாதமே ஒரு கல்லூரிப் பெண் படியேறி வந்து, மற்றவை என்றால் என்னவென்று கேட்டாள். அவளைத் திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் காதோடு காதாகச் சொன்னேன். ஆறுவதற்கு ஆறு மாதமாவது பிடிக்கும், ஒரு வருடம்கூட ஆகலாம். தினம் இரண்டு வேளை உப்புத்தண்ணீரில் கழுவ வேண்டும். கம்பியைத் திருகக் கூடாது, எண்ணெய் கூடாது, களிம்பு கூடாது, இடுப்பை இறுக்கும் உடுப்பு கூடாது, கடலிலும் நீச்சல் குளத்திலும் இறங்கக் கூடாது. எல்லாவற்றையும் அதே கிசுகிசுப்பில் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "குத்திக்கப் போற எனக்கே வெக்கம் இல்ல, நீங்க ஏன்கா களவு எடுக்குற மாதிரி பேசுறீங்க?"

கைலி

எனக்குப் படிப்பில் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது: ஆளை நிற்க வைத்துப் புள்ளி வை. பிறகு உட்காரச் சொல், குனியச் சொல், வயிறு எப்படி மடிகிறது என்று பார். சிலருக்கு உட்கார்ந்தால் தொப்புள் மடிப்புக்குள் போய் மூடிக்கொள்ளும். அவர்களுக்கு வழக்கமான இடத்தில் குத்தக் கூடாது. மடிப்பு அழுத்த அழுத்த, உடம்பு கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிவிடும். படுக்க வைப்பது ஊசி போடும்போது மட்டும்தான்.

நான் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் பொதுக்குழாயில் கைலியை மார்புக்கு மேல் கட்டிக்கொண்டு குளித்து வளர்ந்தவள். என் தொப்புளையே நான் நிலைக்கண்ணாடியில் பார்த்ததில்லை. நிற்கிற பெண்ணின் எதிரில் முட்டி போட்டு, அவள் வயிற்றுக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு, இப்போது உட்கார், இப்போது குனி என்று சொல்ல என்னால் முடியவில்லை. அதனால் பூப்போட்ட பாத்தேக் கைலி ஒன்றை எடுத்து நடுவில் வட்டமாக ஓட்டை வெட்டி, ஓரம் மடித்துத் தைத்தேன். வருகிறவர்களைப் படுக்க வைத்து, கைலியால் மூடி, ஓட்டை வழியாகவே சுத்தம் செய்து, புள்ளி வைத்து, குத்தி அனுப்பினேன். கைலியை ஒவ்வொரு தடவையும் கொதிநீரில் போட்டு எடுப்பேன், ஒருவருக்குப் போட்ட ஊசியை அடுத்தவருக்குத் தொடமாட்டேன். சுத்தத்தில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. வாடிக்கையாளர்களின் கூச்சத்துக்காகத்தான் இந்த ஏற்பாடு என்று எல்லோரிடமும் சொன்னேன், என்னிடமும் சொல்லிக்கொண்டேன். பெரும்பாலான தொப்புள்கள் தாங்கிக்கொண்டன. திரையை விலக்கி எட்டிப் பார்த்த லெச்சுமி அக்காவுக்கு ஒரே பெருமை: "ஆஸ்பத்திரி கெட்டுச்சிலா விஜி, நீ பேசாம டாக்டருக்கே படிச்சிருக்கலாம்."

திருநீறு

குமுதா என்று ஒருத்தி. தைப்பூசத்துக்கு வருடா வருடம் கன்னத்தில் அலகு குத்திப் பால்குடம் எடுப்பவள். அவளுக்கு வலி ஒரு பொருட்டே இல்லை என்று நினைத்து ஊசியை வைத்தேன். அவள் போட்ட சத்தத்தில் முன்பக்கம் தலையில் சாயத்தோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா எழுந்து படிக்கட்டு வரை ஓடிவிட்டார்.

பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தாள். தொப்புளில் திருநீறு கெட்டியாக அப்பிக் காய்ந்து கிடந்தது. அலகுக்கு அதைத்தானே போடுவார்கள், மறுநாளே ஆறிவிடுமே என்றாள். அலகை அன்றைக்கே உருவிவிடுகிறோம், இந்தக் கம்பி உள்ளேயே இருக்கப்போகிறது, பொடி உள்ளே போய் அடைத்துக்கொண்டால் சீழ்தான் பிடிக்கும் என்று விளக்கியபடி உப்புத்தண்ணீரில் ஊற வைத்து எடுத்தேன். அரை மணி நேரம் ஆனது. அத்தனை அலகு குத்தியும் அங்கே ஒரு சத்தம் வராதே, இங்கே மட்டும் ஏன் அப்படிக் கத்தினாய் என்று கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அங்க முருகன் இருக்காரு. இங்க நீங்க மட்டும்தானே இருக்கீங்க."

அஞ்சு பிள்ளை

பாக்கியம் அக்கா ஒரு பள்ளிக் கேண்டீனில் சமைக்கிறவர். வயது ஐம்பத்தொன்று. படியேறி வந்து மூச்சு வாங்க நின்றவரிடம், மகளைக் கூட்டி வந்திருக்கிறீர்களா என்று கேட்டு, பின்னால் யாராவது வருகிறார்களா என்று வேறு எட்டிப் பார்த்தேன். தனக்குத்தான் என்றார். என் முகம் என்ன ஆனதோ தெரியாது, அதை அவர் பார்த்துவிட்டார் என்பது மட்டும் தெரிந்தது. கூசிப்போனேன்.

கைலியை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கி, ஓட்டை வழியாக என்னைப் பார்த்துவிட்டு, மடித்து நாற்காலியில் வைத்தார். எந்த இடத்தில் குத்தப் போகிறாய் என்று நான் பார்க்க வேண்டாமா என்று சொல்லி, கண்ணாடி முன்னால் சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றார். நின்று பார்த்தார், என் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார், கால் விரலைத் தொடக் குனிந்தும் பார்த்தார். நான் வைத்த புள்ளியை இரண்டு தடவை அழித்து மாற்றச் சொன்னார். குத்தி முடித்ததும் வரி வரியாகச் சுருங்கியிருந்த வயிற்றைத் தடவிக்கொண்டு, யாரிடமோ முறையிடுவதுபோல் சொன்னார்: "அஞ்சு பிள்ளைய சுமந்த வயிறு. இதுக்குன்னு இதுவரைக்கும் யாரும் ஒன்னும் வாங்கிக் குடுத்ததில்ல."

மன்னிப்பு

புனிதாவுக்கு வயது இருபத்து மூன்று. புக்கிட் பெலண்டோக் பக்கம் எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டம் ஒன்றில் இன்னும் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வீட்டில்தான் குடியிருக்கிறார்கள். அம்மா தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறார். புனிதா சுங்கை காடுட்டில் நான் முன்பு பார்த்தது போன்ற தொழிற்சாலை வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போய் வருகிறாள். எட்டு மாதத்தில் கல்யாணம். அதற்குள் ஆறிவிட்டால் சேலைக்கு அழகாக இருக்கும் என்று ஆசை. கைலிக்குள் படுத்தாள், குத்தினேன், சிரித்துக்கொண்டே போனாள்.

இரண்டாவது மாதம் வந்தாள். கம்பியின் மேலே தோல் சிவந்து மெலிந்திருந்தது. பார்த்ததும் நான் விசாரணையைத் தொடங்கிவிட்டேன். ஒழுங்காகக் கழுவினாயா? சீருடைக் கால்சட்டை இறுக்கமா? போர்ட்டிக்சன் கடலில் குளித்தாயா? மஞ்சள் போட்டாயா? பாவம், ஒவ்வொன்றுக்கும் யோசித்து யோசித்துப் பதில் சொன்னாள். கால்சட்டை கொஞ்சம் இறுக்கம்தான் என்று ஒப்புக்கொண்டாள். ஒரே ஒரு நாள் ஓவர்டைம் முடிந்து வந்து கழுவாமல் தூங்கிவிட்டதையும் சொன்னாள்.

கிளம்பும்போது சப்பாத்துக் கயிறு கட்ட முக்காலியில் உட்கார்ந்தாள். சட்டை மேலே ஏறியது. அப்போதுதான் அவள் உட்கார்ந்து முதல் தடவையாகப் பார்க்கிறேன். தொப்புள் மடிப்புக்குள் போய், கம்பியின் மேல் உருண்டை மட்டும் வெளியே பிதுங்கி நின்றது. குத்தவே கூடாத வயிறு அது. ஒரு தடவை உட்காரச் சொல்லியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். எனக்குக் காது வரை சூடு ஏறியது. அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்: "எம்மேலதான்கா தப்பு. நீங்க அவ்ளோ பொறுமையா சொல்லிக் குடுத்தீங்க, நாந்தான் சரியா பாத்துக்கல. சாரிக்கா." நான் பரவாயில்லை என்று தலையாட்டினேன்.

ரப்பர் பேண்டு

நான்காவது மாதம் மறுபடி வந்தாள். இடுப்பை இறுக்காமலிருக்கக் கால்சட்டைப் பொத்தானைப் போடாமல் ரப்பர் பேண்டால் இழுத்து மாட்டியிருந்தாள். கொதிக்க வைத்து ஆற வைத்த உப்புத்தண்ணீர் ஒரு சின்னப் போத்தலில் பையிலேயே இருந்தது. தேநீர் இடைவேளையில் தொழிற்சாலைக் கழிப்பறைக்குப் போய்க் கழுவுகிறாளாம். ஆறு வருடத்தில் நான் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்த ஒரே வாடிக்கையாளர் அவள்தான். கம்பியோ இன்னும் மேலே வந்திருந்தது. அன்றைக்கே கழற்றியிருக்க வேண்டும். கழற்றினால் ஏன் என்று சொல்ல வேண்டும். அதனால் "இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்" என்று அனுப்பிவிட்டேன். இதை எழுதும்போதுகூட எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

மாலையில் லெச்சுமி அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. பதினைந்து வருடம் கடையைக் காப்பாற்றி வைத்திருப்பவர். கையிலிருந்த சீப்பை ஊதிச் சுத்தம் செய்துகொண்டே சொன்னார்: "அந்தப் பிள்ளையே தன் தப்புன்னு ஒத்துக்கிச்சு. நீ ஏன்லா வலியப் போயி வாயத் தொறக்குற?"

கடல்

நான் வாயைத் திறக்கவில்லை. இன்னும் இரண்டு மாதம் ஓடியது. ஒரு நாள் பாக்கியம் அக்கா சந்தைப் பையோடு வந்து சட்டையைத் தூக்கிக் காட்டினார். அப்படி ஆறியிருந்தது, படத்தில் போடலாம். எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன். வாரத்துக்கு நாலு நாள் கழுவ மறந்துவிடுமாம். பேரப்பிள்ளைகளோடு போர்ட்டிக்சன் போய் இரண்டு தடவை கடலில் இறங்கினாராம். கேண்டீன் ஏப்ரனை இடுப்பில் இறுக்கித்தான் கட்டுகிறாராம். யாரும் அவரைப் பார்த்து அப்படிச் செய்ய வேண்டாம். அவருக்கு அதிர்ஷ்டம் இருந்தது, கம்பி சரியான இடத்திலும் இருந்தது.

ஒரு விதியைக்கூட மதிக்காதவருக்கு ஆறிவிட்டது. எல்லா விதியையும் மதித்தவள் ரப்பர் பேண்டோடு திரிகிறாள். பாக்கியம் அக்கா கட்டிலில் கிடந்த கைலியைத் தூக்கி, ஓட்டைக்குள் கையை விட்டு ஆட்டினார். "இன்னுமா இத வச்சிருக்க? இது வர்றவங்களுக்குப் போத்துறதா, இல்ல ஒனக்கா?"

ஞாயிற்றுக்கிழமை

அந்த ஞாயிற்றுக்கிழமை கையுறையும் கருவிகளும் எடுத்துக்கொண்டு புக்கிட் பெலண்டோக் போனேன். லயத்து வீட்டு வாசலில் புனிதாவின் அம்மா, "அலங்காரம் பண்ற பிள்ளையா? வாம்மா, வா" என்று வரவேற்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். உண்மை பேச வந்த இடத்திலும் முதல் வேலை பொய்தான். உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அலமாரிக் கண்ணாடி முன்னால் புனிதாவை நிற்கச் சொன்னேன். பிறகு கட்டிலில் உட்காரச் சொன்னேன். அவள் வயிற்றுக்கு நேரே முட்டி போட்டு உட்கார்ந்து கண்ணாடியைக் காட்டினேன். "பாரு, உக்காந்தா மூடிக்குது. ஒனக்கு நான் குத்தியிருக்கவே கூடாது. நிக்க வச்சி, உக்கார வச்சிப் பாத்திருக்கணும். எனக்குக் கூச்சமா இருந்துச்சின்னு பாக்கல. நீ கழுவுனதுல தப்பு இல்ல, கால்சட்டையில தப்பு இல்ல. தப்பு என்னுது."

அவள் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது தெரியும் என்று கேட்டாள். இரண்டாவது மாதமே தெரியும் என்றேன். வெளியே அம்மா தேத்தண்ணி கலக்கும் சத்தம் கேட்டது. கம்பியைக் கழற்றினேன். மேலே நூலளவு தோல்தான் மிச்சம் இருந்தது. தழும்பு நிற்கும், அரிசி அளவுக்கு, அது போகாது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் சட்டையை இறக்கிவிட்டு, அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "குளிக்கிறப்பல்லாம் என் வயித்தப் பாத்து நாந்தான்கா திட்டிக்கிட்டு இருந்தேன், ஒன்ன இவ்ளோ பாத்துப் பாத்துக் கழுவியும் இப்படிப் பண்றியேன்னு. பாவம்கா, அது ஒன்னுமே செய்யல."

சேலை

மறுநாள் கைலியைக் கிழித்துத் தரை துடைக்கப் போட்டேன். இப்போதெல்லாம் வருகிறவர்களை நிற்க வைக்கிறேன், உட்கார வைக்கிறேன், குனிய வைக்கிறேன். என் முகமும் அவர்கள் வயிற்றுக்கு நேரேதான் இருக்கிறது. நான்கைந்து பேருக்கு ஒருவரையாவது, உங்களுக்கு இது சரிப்படாது என்று திருப்பி அனுப்புகிறேன். லெச்சுமி அக்கா முணுமுணுப்பார், ஆனால் தடுத்ததில்லை.

புனிதாவின் கல்யாண அழைப்பிதழ் கடைக்கு வந்தது. லெச்சுமி அக்கா பெயர் மட்டும்தான் அதில் இருந்தது. அலங்காரத்துக்கு அவர்தான் போனார். நான் கடையில் இருந்துகொண்டு அன்றைக்கு முழுவதும் சுத்தமாக இருந்த கருவிகளையே திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தேன். சாயங்காலம் அக்கா வந்து பூக்கூடையை இறக்கி வைத்தார். அவராகவே, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "சேலைய தொப்புளுக்குக் கீழதான் கட்டச் சொல்லிச்சு விஜி. தழும்புக்குப் பவுடர் போட்டு மறைக்கவான்னு கேட்டேன். வேணாம்கா, அதுல என் தப்பு ஒன்னும் இல்லன்னு சொல்லிட்டு நிமிந்து நின்னுச்சு."

பலகையில் "மற்றவை" போய்த் "தொப்புள்" கொட்டை எழுத்தில் வந்துவிட்டது, வருகிறவர்களையெல்லாம் கூச்சப்படாமல் நிமிர்ந்து நில்லுங்கள் என்று அதட்டவும் கற்றுக்கொண்டேன், அம்மா கேட்டால் மட்டும் நான் இன்னும் ஃபேசியல்தான் செய்கிறேன்.